சி டிரைவ் மூத்தவர் பங்கு

எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பிக்குள் பங்கு பிரிக்க முடியாத பொருள் என்று ஒன்று கிடையாது. நிலத்தைப் பிரிப்பது எல்லா ஊரிலும் உண்டு. கிணற்றை வெட்டிப் பிரிக்க முடியாது என்பதால் நாளைப் பிரித்துக்கொள்வார்கள்: இன்றைக்கு உன் முறை, நாளைக்கு என் முறை. வரப்பில் நின்ற புளியமரத்தைக் கிளைகிளையாகப் பிரித்த குடும்பம் ஒன்றும் சுருளிப்பட்டியில் உண்டு (கிழக்கே போன கிளை அண்ணனுக்கு, மேற்கே போனது தம்பிக்கு, நடுவில் விழுந்த பழம் பொறுக்கினவனுக்கு). ஆனால் ஒரு கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கை எல்லைக்கல் ஊன்றாத குறையாகப் பிரித்துக்கொண்ட குடும்பம், எனக்குத் தெரிந்து, கம்பம் பள்ளத்தாக்கிலேயே எங்களுடையது ஒன்றுதான். அந்தப் பிரிவினையால் ஒரு மனிதரின் சிரிப்பையே நான் தொலைக்கப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்து சிரித்து போட்டோவில் விழுந்தது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் என்பதால் விஷயம் கொஞ்சம் பெரியது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில வருஷங்களில் நடந்தது இது. அப்பாவும் சித்தப்பாவும் நடுச்சுவர் ஒன்றை வைத்துக்கொண்டு அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்கள். பட்டாசாலை என்கிற முன்கூடம் மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது. நான் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்று சொல்வது மரியாதைக்காக. லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு ஆறு பேர் உட்காருவோம். நான் கீபோர்டைத் தொட்டதைவிட முன்னால் உட்கார்ந்தவளின் சடையைத் தொட்டதுதான் அதிகம். இருந்தாலும் வீட்டுக்கு இளைய மகளான எனக்குப் பெயர் 'இஞ்சினியரு'. அந்த இஞ்சினியருக்காக அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்குப் பாதி போட்டு, தேனியில் ஏதோ ஆபீஸில் ஓய்வு பெற்ற ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிவந்தார்கள்.

அது வாழைத்தார் ஏற்றுகிற வேனில், வைக்கோல் மெத்தையின் மேல் உட்கார்ந்து வந்தது. வாசலில் இறக்கியதும் அம்மா ஆரத்தி எடுத்தாள் (சத்தியமாக). மானிட்டரின் நெற்றியில் சந்தனம் குங்குமம் வைத்தோம். அது இருக்கிற பக்கம் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது, அது ஓடும்போது மிக்ஸி போடக்கூடாது, அதன் முன்னால் யாரும் சத்தமாகத் தும்மக்கூடாது என்றெல்லாம் யாரும் சொல்லாமலே சட்டம் வந்துவிட்டது. பொத்தானை அமுக்கியதும் உள்ளே கரகரவென்று ஒரு சத்தம் கேட்கும். அப்போது பட்டாசாலையில் இருக்கிற அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.  இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் இத்தனை விஷயம் எப்படி அடங்குகிறது என்ற பிரமிப்பு, படிக்கிற எனக்கே தீரவில்லை, மற்றவர்களைச் சொல்லவேண்டியதில்லை.

அல்லிநகரத்திலிருந்து வந்த மெக்கானிக் எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டு, ஹார்ட் டிஸ்கை இரண்டாகப் பிரித்திருப்பதாகச் சொன்னார். சி ஒன்று, டி ஒன்று. பிரித்திருக்கிறது என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பாவும் சித்தப்பாவும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்பா கேட்ட முதல் கேள்வி, ரெண்டும் சரிபாதியா இருக்கா என்பது. சரிபாதிதான் என்று மெக்கானிக் திரையில் வட்டம் வட்டமாகக் காட்டினார். அப்படியானால் முதலாவது மூத்தவருக்கு, அடுத்தது இளையவருக்கு என்று அங்கேயே முடிவாகிவிட்டது. மெக்கானிக் பாவம், எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரியாமலே ஆட்டினார்.

அப்பாவுக்கு இன்னொரு சந்தேகம். "சி-லதான ஆரம்பிக்குது. அப்ப ஏ-யும் பி-யும் யாரு பங்கு தம்பி?"

அம்மா அடுப்படி வாசலில் நின்றபடி, "உங்க தங்கச்சிக்கு எழுதி வச்சிருக்காகளோ என்னமோ" என்றாள். அத்தைக்குச் சொத்தில் ஒன்றுமே கொடுக்காத அண்ணன் தம்பி இரண்டு பேரும் அதற்குமேல் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அப்புறம்தான் வில்லங்கம் தெரிந்தது. கம்ப்யூட்டரை ஓட்டுகிற விண்டோஸ் முழுவதும் சி-யில்தான் உட்கார்ந்திருக்கும் என்றார் மெக்கானிக். அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. இரண்டு பேருக்கும் பொதுவான ஒன்றை என் பங்கில் மட்டும் எதற்குக் குடிவைக்க வேண்டும் என்பது அவர் நியாயம். சித்தப்பாதான் ஒரு வார்த்தையில் முடித்துவைத்தார். "என்னண்ணே, சாமிப் பெட்டி மூத்தவுக வீட்டுலதான இருக்கணும்" என்றார். எங்களுக்குள் பாகம் பிரிந்தால் குலசாமியின் பெட்டி மூத்தவர் வீட்டுக்குத்தான் போகும். இளையவர்கள் அங்கே வந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கணக்கில் விண்டோஸ் எங்கள் குலசாமி ஆனது. அப்பாவுக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. அதற்குப் பிறகு சித்தப்பா போட்ட ஜாதகம் பார்க்கிற புரோகிராம், சித்தப்பா மகன் போட்ட கார் ஓட்டுகிற விளையாட்டு எல்லாமே சி-யில்தான் போய் உட்கார்ந்தன. சாமி இருக்கிற இடத்துக்குத்தானே எல்லாரும் வருவாக என்று அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டார். உட்காருகிற நேரத்துக்கும் முறை வைத்தோம். எங்களுக்குக் கிணற்று மோட்டார் முறை வருகிற நாளில் அவர்களுக்குக் கம்ப்யூட்டர் முறை. மறுநாள் மாறும்.

அந்த வருஷம்தான் அக்காவை ஆண்டிபட்டியில் கட்டிக்கொடுத்தோம். அக்காவின் மாமனார் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மதுரைக்குப் போகிற பஸ்களைக் கடிகாரத்தைப் பார்த்தே முறைத்து முறைத்து, மனிதர்களையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டார். பெண் பார்க்க வந்தபோது அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பெண் பிடிக்கவில்லையோ என்று அம்மா உள்ளே போய் அழுதாள். அதுதான் அவருடைய சந்தோஷ முகம் என்று பின்னால்தான் தெரிந்தது. கல்யாண ஆல்பத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும், பஸ் தாமதமாக வந்த முகத்தோடு அவர் நிற்பார்.

ஒரு படத்தில் மட்டும் சிரித்தார். அது என்னால். சித்தியின் தம்பி கேரளாவில் வேலை பார்த்தவர். கல்யாணத்துக்கு ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்திருந்தார். இஞ்சினியர் ஆயிற்றே என்று அதை என் கையில் கொடுத்துவிட்டார்கள். அக்காவின் மாமனார் (எனக்கும் அவர் மாமாதான்) பந்தி வாசலில் தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். அவரை முழுசாக எடுக்கவேண்டும் என்று நான் பின்னாலேயே நடந்து நடந்து, கைகழுவத் தண்ணீர் வைத்திருந்த அண்டாவுக்குள் பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்துவிட்டேன். கேமரா நனையக்கூடாதே என்று கையை மட்டும் உயரத் தூக்கிக்கொண்டேன். அந்தத் தூக்கலில் விரல் பட்டு அதுவே ஒரு படம் எடுத்துக்கொண்டது. அந்த நொடியில் மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, துண்டு சரிய, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி, ஆண்டிபட்டி அத்தை, கல்யாணமாகி இத்தனை வருசத்தில் இவர் பல்லை இப்போதுதான் முழுசாகப் பார்க்கிறேன் என்று ஊர் கேட்கச் சொன்னார்கள்.

எல்லாப் படங்களையும் ஒரு சி.டி.யில் போட்டுக் கொடுத்துவிட்டு, கேமராவையும் காலி செய்துகொண்டுதான் சித்தியின் தம்பி ஊருக்குப் போனார். நான் அதை சி டிரைவில் ஏற்றிவிட்டு, பத்திரமாக வையுங்கள் என்று அப்பா கையில் கொடுத்தேன். அதே வருஷம் ஐப்பசி மழையில் மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் வேறு என்னவெல்லாமோ ஆகி, கடைசியில் இரண்டு மாதம் படுக்கையிலேயே கிடந்து போய்ச் சேர்ந்தார். அத்தைதான் கூடவே இருந்து எல்லாம் பார்த்தார்கள்.

அடுத்த வருஷத்துக்குள் எங்கள் பங்கு நிரம்பிவிட்டது. சி டிரைவில் இடமில்லை, வேண்டாததை அழி என்று ஒரு பெட்டி திரையில் வந்து நிற்கும். மூடினால் போகும், திரும்பினால் நிற்கும். கடன்காரன்கூட ஒரு வேளையாவது விட்டுவிட்டு வருவான். கம்ப்யூட்டர் நகரவே நகராது. ஓர் எழுத்தை அடித்துவிட்டு உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வந்தால் அந்த எழுத்து திரையில் வந்திருக்கும். அப்பாவுக்கு அவமானம் தாங்கவில்லை. குலசாமி நம்ம வீட்டில் மூச்சுத் திணறுது என்று அம்மா திருநீறு பூசிப் பார்த்தாள்.

பக்கத்திலேயே டி டிரைவ் காலியாகக் கிடந்தது. சித்தப்பா அதில் இரண்டு முருகன் பாட்டை மட்டும் போட்டுவிட்டு, கூட்டிப் பெருக்கிய களம் மாதிரி வைத்திருந்தார். எங்கள் ஃபைல்களில் பாதியைத் தூக்கி அங்கே வைத்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் அப்போது பார்த்து கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் எரிந்துபோய், யார் முறையில் எரிந்தது என்ற வழக்கில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவன் நிலத்தில் என் மண்வெட்டியைக்கூட வைக்க மாட்டேன் என்றார் அப்பா. அண்ணன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் தரமாட்டேனா என்று சித்தப்பா நடுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சுவரிடம் சொன்னார். சுவர் வந்து எங்களிடம் சொல்லவில்லை.

ஹார்ட் டிஸ்க் என்பது உள்ளே ஒரே தகடுதான், வரப்பு எதுவும் கிடையாது என்று பாடத்தில் படித்து மார்க்கும் வாங்கியவள் நான். யாருக்கும் தெரியாமல் டி-யில் வைத்திருக்கலாம். செய்யவில்லை. வரப்பைத் தாண்டி ஒரு ஃபைலை வைத்தால் கை அழுகிவிடும் என்பது மாதிரி ஒரு பயம் எனக்கே இருந்தது. படிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், பிறந்த மண் விடுமா?

ஆகவே எங்கள் பங்குக்குள்ளேயே களை எடுப்பது என்று முடிவு செய்தேன். எதை அழிக்கலாம் என்று பார்த்தால், அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது கல்யாணப் படங்கள்தான். அதுதான் சி.டி.யில் இருக்கிறதே! தைரியமாக அழித்தேன். குப்பைத்தொட்டிக்குப் போனால் அதுவும் சி-யில்தான் இருக்கும் என்று, அதற்கும் போகாமல் ஒரேயடியாக அழித்தேன் (அவ்வளவு விவரம்). அத்தோடு விட்டிருந்தால் பிழைத்திருக்கலாம். அழித்த இடம் குண்டும் குழியுமாக இருக்கும், டீஃப்ராக் என்று ஒன்று ஓட்டினால் சமமாகும் என்று காலேஜில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. அதையும் ஓட்டினேன்.

அந்தக் காலத்து டீஃப்ராக்கைப் பார்க்காதவர்களுக்கு நான் எப்படிச் சொல்வேன்? திரை முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டங்கள். ஒரு நிறம் இன்னொரு நிறமாக மாறும். இங்கே ஒன்று அணையும், அங்கே ஒன்று எரியும். யாரும் தொடாமல் தானாகவே ஒவ்வொன்றாக நகர்ந்து போய் அடுக்கி உட்காரும். பார்க்கப் பார்க்கக் கண் எடுக்க முடியாது. அம்மா முறுக்கு டப்பாவோடு வந்து உட்கார்ந்தாள். தெருவில் போன இரண்டு பேர் உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். பேச்சுவார்த்தை இல்லாத சித்தியும் தன் வாசல்படியில் நின்று எட்டிப்பார்த்தார்கள். மத்தியானம் ஆரம்பித்தது பொழுது சாய்கிற வரைக்கும் ஓடியது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அப்பா, உழுது பரம்படிக்கிறாப்புல இருக்கு என்று சொல்லிவிட்டு என் தலையைத் தடவினார். எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் கையாலா இதெல்லாம் நடக்கிறது என்று என்னையே நான் வியந்துகொண்டிருந்தேன். அழித்த படங்களின் மிச்சம் மீதியையெல்லாம் அந்தக் கட்டங்கள் என் கண் முன்னாலேயே உழுது புதைத்துக்கொண்டிருந்தன என்பதுதான் எனக்குத் தெரியாது.

சில நாள் கழித்து ஆண்டிபட்டியிலிருந்து அக்கா பேசினாள். மாமாவுக்கு வருசத் திதி வருகிறது. வீட்டில் மாட்டிவைக்க ஒரு படம் வேண்டும். ஆல்பத்தில் இருக்கிற எதையும் அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சிரிச்ச படம்தான் வேண்டும் என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்களாம். "நீதான வச்சிருக்க. பெருசாப் போட்டுக் கொண்டாந்துரு" என்றாள். அதுக்கென்ன, சி.டி. இருக்கு என்றேன். போனை வைத்துவிட்டு அப்பாவிடம் சி.டி.யைக் கேட்டேன்.

"பத்திரமாத்தானத்தா இருக்கு" என்றார். "பந்தல்ல கட்டியிருக்கேன்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. எங்கள் பக்கத்துத் திராட்சைப் பந்தல்களில் கிளியையும் மைனாவையும் விரட்டப் பழைய சி.டி.களைக் கட்டித் தொங்கவிடுவார்கள். வெயில் பட்டு அது மினுங்கினால் பறவை கிட்டே வராது. அப்பா அதற்காகவே கம்பத்திலும் சின்னமனூரிலும் இருக்கிற ஸ்டுடியோக்களில் வீணாய்ப்போன சி.டி.களைக் கோணிப்பையில் வாங்கிவருவார். கல்யாண சி.டி.யை ஏன் கட்டினீர்கள் என்றால், அதில் இருப்பதைத்தான் நீ பொட்டிக்குள் இறக்கிவிட்டாயே, இனிமேல் அது வெறும் சக்கைதானே என்றார். கரும்பைப் பிழிந்த பிறகு யார் பூட்டிவைப்பார்கள்? அழித்தது நான். அவரை என்ன சொல்ல?

அல்லிநகரத்து மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். அழித்ததோடு விட்டிருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம், டீஃப்ராக் ஓட்டிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்றார். அத்தையின் முகம் கண்முன் வந்து நின்றது. அவர்களிடம் போய், மாமாவின் ஒரே சிரிப்பை இடம் பற்றாமல் அழித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? அதைவிட அந்த அண்டாவிலேயே மூழ்கியிருக்கலாம் என்று தோன்றியது.

மறுநாள் காலையில் அப்பாவோடு தோட்டத்துக்குப் போனேன். பந்தலுக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். தலைக்கு மேலே கறுப்புக் கறுப்பாகப் பழம் குலை தள்ளியிருந்தது. கம்பிக்குக் கம்பி சி.டி. தொங்கியது. சுருளி மலைப்பக்கமிருந்து காற்று வந்ததும் அத்தனையும் ஒன்றாகத் திரும்பின. பந்தல் முழுக்க, இலை மேல், பழத்தின் மேல், அப்பாவின் வெள்ளைச் சட்டை மேல், ஏழு நிறத்திலும் வெளிச்சம் ஓடியது. கைகூப்பத் தோன்றியது. வந்த வேலை கொஞ்ச நேரம் மறந்தே போனது. பிறகு ஒன்றைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். மழையில் எழுத்தெல்லாம் கரைந்து, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து அப்பி, எல்லாமே ஒரே முகமாக இருந்தன. எது அக்கா கல்யாணம் என்று அந்தச் சுருளி வேலப்பருக்குத்தான் தெரியும்.

வேறு வழியில்லை, எல்லாவற்றையும் அவிழ்த்தோம். அடுத்த வாரம் பழம் வெட்ட வியாபாரி வரப்போகிறார் என்பது அப்பாவுக்கும் நினைவில் இருந்தது. ஆனாலும் சம்பந்தியம்மா சாப்பிடாமல் இருக்கிறது அதைவிடப் பெரிதாகப் பட்டது அவருக்கு. ரெண்டு மணி நேரம்தான, பாத்துட்டுத் திரும்பக் கட்டிருவோம் என்றார். கோணியில் கட்டிவந்து கொட்டினோம். அம்மா சோப்புப் போட்டுத் தட்டுக் கழுவுவது போல் கழுவிக் கவிழ்த்தாள்.

அன்றைக்குக் கம்ப்யூட்டர் சித்தப்பா முறை. என்னால் யோசிக்க முடியவில்லை; நேரே உட்கார்ந்துவிட்டேன். சித்தப்பா வாசல்படியில் வந்து நின்று பார்த்தார். அக்கா மாமனார் படம் சித்தப்பா, என்றேன். உடனே உள்ளே போய், ஈரச் சி.டி.களைத் துடைக்கத் தன் வெள்ளை வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒவ்வொன்றாகப் போட்டேன். பாதி சி.டி.கள் சுற்றிச் சுற்றித் துப்பின. மீதி திறந்தன. திறந்தவற்றில் எங்கள் பள்ளத்தாக்கே இருந்தது. யார் யாரோ மாலையும் கழுத்துமாக நின்றார்கள். காதுகுத்தில் ஒரு பிள்ளை வாயைப் பிளந்து அழுதது. கெங்குவார்பட்டி மாதா கோயில் வாசலில் வெள்ளைக் கவுனில் ஒரு பெண் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். புதுமனைக்குள் ஒரு பசு நுழையமாட்டேன் என்றது. இத்தனை பேருடைய நல்ல நாளும் எங்கள் பந்தலில் நூலில் தொங்கி, கிளி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது.  செய்தி பரவி ஆட்கள் வந்து கூடிவிட்டார்கள். இது உத்தமபாளையத்து டெய்லர் மகள்ல, இந்தப் பையன் இப்ப மிலிட்டரில இருக்கான்ல என்று ஆளுக்கொன்று சொல்ல, நடுவில் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே பெஞ்சில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எப்போது ஒரே பெஞ்சுக்கு வந்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை. அவர்களும் கவனிக்கவில்லை.

அப்போதுதான் பக்கத்துத் தோட்டக்காரர் வாசலில் வந்து நின்று, ஏம்ப்பா, ஒங்க பந்தல்ல கிளி பந்தி போட்டிருக்கே, சொல்லி விட்டீகளா என்று கேட்டார்.

அண்ணனும் தம்பியும் ஒன்றாக எழுந்து ஓடினார்கள். அம்மா கையிலிருந்த சாப்பாட்டுத் தட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு அப்பா ஓட, சித்தப்பா அடுப்படிக்குள் புகுந்து (எங்கள் அடுப்படி!) எண்ணெய்ச் சட்டியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். ஸ்டார்ட்டர் வழக்கு அந்த ஓட்டத்தோடு தள்ளுபடி ஆனது. கொஞ்ச நேரத்தில் தோட்டத்துப் பக்கமிருந்து தட்டுச் சத்தமும் சட்டிச் சத்தமும் மாறி மாறிக் கேட்டன. கூட்டமும் கிளி பார்க்கப் போய்விட்டது. நானும் அம்மாவும் மட்டும் மீந்தோம்.

நான் நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருந்தேன். குவியல் கரைந்து அடியில் சில மட்டும் கிடந்தபோது ஒன்று சுற்றிச் சுற்றி, இரைந்து, நின்று, மறுபடி இரைந்து, கடைசியில் திறந்தது. அக்காவின் மருதாணிக் கை.  பெரும்பாலான படங்கள் திறக்க மறுத்தன. சாய்வாக ஒரு பந்தி வாசல் தெரிந்த படத்தை அமுக்கினேன்.

படம் மேலேயிருந்து வரி வரியாக இறங்கியது. முதலில் தோரண மாவிலை. அப்புறம் நரைத்த முடி. திருநீறு பூசிய நெற்றி. சி.டி. உள்ளே முக்கி முனகியது. இறுக மூடிச் சுருங்கிய கண்கள் வந்தன. மூக்கு. மீசை. அந்த நேரம் அப்பாவும் சித்தப்பாவும் சட்டியும் தட்டுமாக வந்து என் பின்னால் நின்றார்கள்.  பல் வரிசை வந்தது, ஒன்றுவிடாமல் அத்தனை பல்லும். தாடை வந்தது. கழுத்தில் நூல் அளவு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே ஒரே சாம்பல் நிறம்.

காத்திருந்தோம். இறங்கவில்லை. சி.டி.யை எடுத்துத் துடைத்துப் போடு என்றார் சித்தப்பா. பற்பசை தேய்த்தால் படிக்கும் என்றாள் அம்மா. எடுக்கும் முன்னால் திரையில் தெரிவதை அப்படியே பிரிண்ட் ஸ்கிரீன் போட்டுப் பெயிண்டில் ஒட்டிச் சேமித்தேன். என் மூன்று வருஷப் படிப்பில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். ஏனென்றால் பற்பசை தேய்த்த பிறகு அந்த சி.டி. எதையுமே படிக்கவில்லை. சேமிக்கிறபோது சித்தப்பா என் தோளைத் தொட்டு, "டி-லயும் ஒண்ணு வையித்தா. எனக்கும் அவுக சம்பந்திதான" என்றார். அப்பா பக்கத்தில்தான் நின்றார். மண்வெட்டிப் பேச்சு எதுவும் எழவில்லை.

தேனியில் படத்தைப் பெரிசாக்கித் தந்த ஸ்டுடியோக்காரர், கழுத்துக்குக் கீழே கோட்டும் டையும் வைத்து ஒட்டித் தருகிறேன், ஆபீஸர் மாதிரி இருப்பார் என்றார். அப்பாவுக்கு அரை மனசு. எதற்கும் கேட்டுக்கொள்வோம் என்று பாதிப் படத்தோடேயே ஆண்டிபட்டிக்குப் பஸ் ஏறினோம்.  அத்தை படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். அப்பா தயங்கித் தயங்கி நடந்ததைச் சொல்லி, உடம்பு இல்லாமல் போய்விட்டது தங்கச்சி, வேண்டுமானால் வேறு உடம்பு ஒட்டித் தருகிறானாம் என்றார்.

அத்தை படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உடம்பு என்னத்துக்குண்ணே" என்றார்கள். "அவுக உடம்பத்தான் கடைசி ரெண்டு மாசமும் நான் தூக்கித் தூக்கிப் பாத்தேனே. இந்தச் சிரிப்பத்தான் ஒரே ஒரு தடவ பாத்தேன்."

நான் சத்தமாகவே அழுதுவிட்டேன். அத்தை என்னைப் பார்த்துவிட்டு, இவ அண்டாவுக்குள்ள விழாட்டி அதுவும் கிடைச்சிருக்காது என்று எனக்கும் சேர்த்து ஒரு தட்டுச் சோறு போடச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் அவர்களும் சாப்பிட்டார்கள்.

படம் இன்றைக்கும் ஆண்டிபட்டி வீட்டில் அப்படியேதான் மாட்டியிருக்கிறது. மேலே மாமா சிரிக்கிறார், கீழே சாம்பல். புதிதாக வருகிறவர்கள் என்ன இது என்று கேட்டால், குடும்பமே முண்டியடித்துக்கொண்டு கதையைச் சொல்லும். கிளி தின்ற பழத்தின் அளவு மட்டும் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகிறது. எங்கள் இரண்டு வீட்டு விசேஷத்திலும் எல்லாரும் சேர்ந்து படம் எடுக்க நிற்கும்போது, யாராவது ஒரு ஆள் விறைப்பாக நிற்கத்தான் செய்வார். அத்தைக்கு வயதாகிவிட்டது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்த ஆளைப் பிடித்துவிடுவார்கள்.

"சிரிச்சு வையிப்பா" என்பார்கள். "எந்தப் பாதி மிஞ்சும்னு யாருக்குத் தெரியும்."